தோட்டம் போனது சரி, வாராவாரம் சபைக்குப் போவதும் போக வேண்டுமா?

பீடோங் பேரன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம் பக்கம், மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய் என்று எந்தச் சபையை எடுத்துக்கொண்டாலும் கிறிஸ்துமஸுக்கும் வருடக் கடைசி இரவு ஆராதனைக்கும் நாற்காலி போதாமல் வெளியே கூடாரம் போடுகிறார்கள். சாதாரண வாரத்தில் போய்ப் பாருங்கள், முன்வரிசையில் நரைத்த தலைகள், பின்வரிசை காலி. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கேட்டால் “மாதத்தில் ஒருதரம் வருகிறோமே, போதாதா” என்கிறார்கள். போதாது என்பது என் கருத்து. யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை, ஏன் போதாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும், தோட்டத்துக் கணக்கர் கிராணி பெயர் கூப்பிடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு போய் வெட்டி, மரத்தில் வைத்த மங்கு என்கிற கிண்ணத்தில் பால் சேர்ந்ததும் திரும்ப ஒரு சுற்று வந்து வாளியில் எடுத்து, ஸ்டோர் வரைக்கும் காண்டா என்கிற தோள்கம்பில் தூக்கிக்கொண்டு போய் நிறுக்க வேண்டும். ஆறு நாளும் இதே கதைதான். மீதி ஒரு லீவு நாளில் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், பட்டணத்துக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும், ஆட்டுக்குப் புல் அறுக்க வேண்டும். அந்த ஒரு நாளின் காலையைத்தான் சபைக்கென்று எடுத்து வைத்தார்கள். பல தோட்டங்களுக்கு ஒரே போதகர் என்பதால், ஐயர் என்று கூப்பிடப்பட்ட அவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற வாரங்களில் உபதேசியார் நடத்துவார், அவரும் வர முடியாவிட்டால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் வேதத்தைத் திறந்து ஒரு அதிகாரம் வாசிப்பார், இரண்டு கீர்த்தனை பாடுவார்கள், ஜெபம் பண்ணிவிட்டுக் கலைவார்கள். நல்ல பிரசங்கம் கேட்கலாம் என்று அவர்கள் போகவில்லை. அப்படி ஒன்று பெரும்பாலான வாரங்களில் அங்கே கிடையாது!

பெரட்டில் பெயர் கூப்பிட்டது கம்பெனிக்காக. வராதவனுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான், ஏன் வரவில்லை என்று வந்து பார்க்கிறவன் கிடையாது. சபையில் யாரும் பெயர் கூப்பிடவில்லை, ஆனாலும் யார் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆராதனை முடிந்த கையோடு வராதவர் இருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, இரண்டு பேர் போவார்கள். காய்ச்சலா, புருஷன் பெண்டாட்டி சண்டையா, வீட்டில் அரிசி இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள். நான் சொல்ல வருவது இதைத்தான். வாராவாரம் வருகிறவனால் மட்டும்தான் இன்றைக்கு யார் வரவில்லை என்று கவனிக்க முடியும். மாதத்தில் ஒருதரம் வருகிறவனுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருந்ததா, இந்த வாரம்தான் காலியா என்று தெரியாது. எபிரெயர் 10:25-ஐ எடுத்துப் பாருங்கள், சபை கூடிவருதலை விட்டுவிடாமல் இருங்கள் என்று சொன்ன அதே மூச்சில் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுங்கள் என்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எப்படிப் புத்தி சொல்வது?

ஷிப்ட்காரன் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வது மனதில் படுகிறது, ஆனால் என் நிலைமையையும் கேளுங்கள். நான் கூலிமில் ஒரு பேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் லீவு, அப்புறம் பகல் போய் இரவு வரும். என் லீவு நாள் வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டே இருக்கும். உங்கள் தாத்தாவுக்கு உழைப்பு கடுமை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவருக்கு வந்த லீவு தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் வந்தது. தோட்டத்து நேரம் அப்படி, பேக்டரி நேரம் இப்படி. இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வெளியே வருகிறவன் எட்டரை மணி ஆராதனையில் உட்கார்ந்தால் தூங்கித்தான் விழுவான். இரண்டு மூன்று வாரம் கழித்து வரும்போது வாசலிலேயே ஒருத்தர் “என்ன, ஆளையே காணோம்” என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். அவர் அன்பாகத்தான் கேட்கிறார் என்று தெரியும். ஆனாலும் அடுத்த வாரம் வருவதற்குக் கால் கூசுகிறது.

சண்டே ஸ்கூல் அக்கா எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் சபைக் கமிட்டி வாட்ஸ்அப்பில் அப்படியே போட்டிருக்கிறேன், உங்கள் பெயர் இல்லாமல். வாசலில் நின்று கேட்கக் கூடாது. இரண்டாம் வாரமே போன் பண்ணிக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெரியவர்கள் வராதவரின் வீட்டுக்குத்தான் போனார்கள், அவர் திரும்பி வரும் வரை காத்திருந்து வாசலில் மடக்கவில்லை.

கெடாவில் இருக்கும் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், வேறு மாநிலத்தில் இருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியாது. இங்கே வெள்ளியும் சனியும்தான் பள்ளிக்கும் அரசாங்க ஆபீசுக்கும் விடுமுறை. ஞாயிறு காலையில் பிள்ளைகள் யூனிபார்மில் பள்ளிக்குப் போவார்கள். அதனால் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை காலை ஆராதனை, ஞாயிறு வகுப்பும் வெள்ளிக்கிழமைதான். இதைப் பற்றி முன்பு பெரிய வாக்குவாதமே நடந்தது, கர்த்தருடைய நாளை மாற்றலாமா என்று. எனக்கு இதில் குழப்பமே இல்லை. குடும்பம் முழுவதும் ஒன்றாக வர முடிகிற நாளில் கூட வேண்டும், அதை வாராவாரம் விடாமல் செய்ய வேண்டும்.

குளுவாங் தங்கை எழுதியது:

அக்கா, ஜொகூரிலும் இதை அனுபவித்தோம். 2014-ல் வார விடுமுறையை வெள்ளி, சனிக்கு மாற்றினார்கள், 2025 ஜனவரியில்தான் மறுபடி சனி, ஞாயிறு வந்தது. நடுவில் இருந்த அத்தனை வருடமும் எங்கள் சபையில் சிலர் ஞாயிறு மாலை வந்தார்கள், சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். இப்போது ஞாயிறு லீவு திரும்பி வந்தும் நின்றவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. நாள் மட்டும்தான் காரணம் என்றால் திரும்பியிருக்க வேண்டும் இல்லையா? விட்டுப் பழகினால் திரும்பி வருவது கஷ்டம், அதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

பெரட்டு என்ற வார்த்தையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாவும் கிராணி, நானும் கிராணி, செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதியே காலம் போனது. நாங்கள் கத்தோலிக்கர், ஆனாலும் இந்த விஷயத்தில் சபை வித்தியாசம் ஒன்றும் இல்லை.

முதலில் ஷிப்ட் தம்பிக்கு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாள் கொடுக்கச் சொல்கிறது, எந்த நாள் என்பதை முதலாளி தீர்மானிக்கலாம். ஆக வெள்ளிதான் வேண்டும், ஞாயிறுதான் வேண்டும் என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஷிப்ட் வேலைக்காரருக்குத் தொடர்ந்து 30 மணி நேரம் ஓய்வு கொடுத்தால் அதுவே ஓய்வு நாள் கணக்கு. ஆனால் ஓய்வு நாள் மாறி மாறி வருவதாக இருந்தால், மாதம் பிறப்பதற்கு முன்னாலேயே ரோஸ்டர் போட்டுத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ரோஸ்டர் கைக்கு வந்ததும் எந்தெந்த வாரம் ஆராதனை நாளில் லீவு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், விழாத வாரத்துக்கு உடன் வேலை செய்கிற மலாய் நண்பரிடமோ சீன நண்பரிடமோ ஷிப்ட் மாற்றிக் கேட்கலாம். ஹரி ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நீங்கள் அவர்களுக்காக நின்றால் மற்ற நாளில் அவர்கள் உங்களுக்காக நிற்பார்கள். தோட்டத்திலும் இப்படித்தான் நடந்தது.

எங்கள் சபையில் முந்தின நாள் மாலைப் பூசையில் கலந்துகொண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறியதாகும், 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நோயாளிக்கும் கைக்குழந்தையைப் பார்க்கிறவருக்கும் விலக்கு உண்டு. முடியாதவன் மேல் பாரம் ஏற்றுகிற சட்டம் இல்லை அது. முடிந்தும் வராதவனைத்தான் கேட்கிறது.

இப்போது பழைய கதை. ஜப்பான்காரன் காலத்தில், 1942-லும் 43-லும், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதை போடத் தோட்டங்களில் இருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள், போனவர்களில் பெரும் பகுதி திரும்பவில்லை. எங்கள் தோட்டத்தில் ஆண்கள் குறைந்துபோன அந்த நாட்களில் ஜெபமாலையைப் பெண்களே நடத்தினார்கள் என்று அப்பா சொல்வார். அப்புறம் 1948-ல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் வந்தது, 1960 வரைக்கும் நீடித்தது. எனக்கு நினைவு தெரிந்தபோது லயங்களைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை, ஊரடங்கு நேரம். சமைத்த சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டு போக விடாத இடங்கள் இருந்தன, காட்டில் இருக்கும் கெரில்லாக்களுக்குப் போய்விடும் என்று. புக்கிட் மெர்த்தாஜாம் செயின்ட் ஆன் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஜூலை 26 திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் போகிற இடம். மலைச்சரிவில் இருக்கும் பழைய கோயில் அப்போது கம்யூனிஸ்ட் நடமாட்டம் உள்ளதாக அறிவித்த கறுப்புப் பகுதிக்குள் மாட்டிக்கொண்டதால் ஜனங்கள் போக முடியாமல் கைவிடப்பட்டு, 1957-ல் வேறு கோயில் கட்டினார்கள். எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலில் என்ன செய்தோம் என்றால், ஃபாதர் வர முடியாத வாரங்களில் வேலிக்குள்ளேயே ஒரு லயத்து முன்வாசலில் கூடி மந்திரம் சொன்னோம். பூசை இல்லையே, வீட்டிலேயே சொல்லிக்கொள்ளலாமே என்று யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கேஎல் தம்பி எழுதியது:

ஐயா எழுதியதைப் படிக்கவே மரியாதையாக இருக்கிறது. ஆனாலும் என் பக்கத்தைச் சொல்கிறேன். நான் கோலாலம்பூர் பக்கம் பூச்சோங்கில் இருக்கிறேன், பிறந்தது பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து சபைகளை மூடியபோது ஆன்லைன் ஆராதனை பார்க்கத் தொடங்கினேன், இன்றுவரை அதுதான். நல்ல போதனை கிடைக்கிறது, ஊர்ச் சபையில் கேட்டதைவிட ஆழமாக. வாராவாரம் தவறாமல் பார்க்கிறேன், ஒரு வாரம்கூட விடுவதில்லை. இது வாராந்தர ஆராதனை கணக்கில் வராதா?

சண்டே ஸ்கூல் அக்கா எழுதியது:

தவறாமல் பார்க்கிறீர்கள் என்பது எனக்குச் சந்தோஷம்தான் தம்பி, சும்மா சொல்லவில்லை. சபை மூடியிருந்த நாட்களில் அது இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்றே தெரியவில்லை. ஆனால் அப்போது என்ன நடந்தது என்றும் நினைத்துப் பாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிகளுக்கு ஆராதனையே இல்லாமல் போனது. அவர்களுக்கு யார் யார் போன் செய்வது என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம், அப்படிப் பிரிக்க முடிந்ததே ஒவ்வொரு வாரமும் அவர்கள் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்று எங்களுக்குத் தெரிந்திருந்ததால்தான். யாருக்கு இன்சுலின், யாருக்கு மகன் சிங்கப்பூரில், யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது தெரிந்துகொண்ட விஷயம்.

திரையில் நீங்கள் போதகரைப் பார்க்கிறீர்கள், போதகர் உங்களைப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், கர்த்தர் காக்க, அந்த ஆன்லைன் சபையில் இருந்து யார் வந்து பெட்டியைத் தூக்குவார்கள்? கேட்பது கடுமையாக இருந்தால் மன்னியுங்கள். பூச்சோங்கில் தமிழ்ச் சபைகள் நிறைய இருக்கின்றன, பிரசங்கம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றில் போய் உட்காருங்கள். நல்ல போதனையை வார நடுவில் ஆன்லைனில் கேளுங்கள், யார் வேண்டாம் என்றது?

பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, அப்புறம் வீடு கட்ட விற்கப்பட்டு, குடும்பங்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்கும் பிளாட்டுக்கும் பிரிந்து போன பிறகு பல பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போவதில்லை. என் வகுப்பில் தமிழ் எழுத்தையே வேதாகமத்தில்தான் முதன்முதலில் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வாரம் வந்து மூன்று வாரம் வராத பிள்ளைக்கு ஒவ்வொரு தரமும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. வாராவாரம் வருகிற பிள்ளை ஒரு வருடத்தில் சபை முன்னால் நின்று சங்கீதம் வாசிக்கிறது.

லுனாஸ் மருமகள் எழுதியது:

எல்லாரும் தாத்தா பாட்டி என்று சேர்த்துச் சேர்த்து எழுதுகிறீர்கள். எங்கள் தோட்டத்தில் நடந்ததை நான் சொல்கிறேன். தாத்தாக்களில் பலர் கள்ளுக்கடையில் இருந்தார்கள். கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு, அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன். ஆனால் சபைக்கு நடந்தது பாட்டிகள்தான். லீவு நாள் என்று பெயரே தவிர, அன்றைக்கும் முதலில் எழுந்து அடுப்பு மூட்டிக் குடும்பத்துக்கே சமைத்து வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி இழுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதுகூட அவனுடைய பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லி நினைக்கிறார், நம் தோட்டங்களிலும் விசுவாசம் அந்த வழியாகத்தான் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் அதே கதைதான். வாராவாரம் வர வேண்டும் என்று எழுதுகிற அண்ணன்மார்களே, உங்கள் வீட்டில் அந்தக் காலையில் பசியாற, அதாவது காலைச் சாப்பாடு, யார் செய்கிறார்கள்? எனக்கு மூன்று பிள்ளைகள், மாமியார் வீல்சேரில் இருக்கிறார். அவர் இளவயதில் ஒரு வாரம் விடாமல் போனவர், இப்போது வெள்ளிக்கிழமை காலையானால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு யாராவது கூட்டிப் போவார்களா என்று பார்க்கிறார். நான் தனியாக மூன்று பிள்ளைகளையும் அவரையும் மைவி காரில் ஏற்றி இறக்க முடியவில்லை. வர மனமில்லாமல் நிற்கிறவர்கள் வேறு, கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லாமல் நிற்கிறவர்கள் வேறு. சபை இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போடுகிறது.

பீடோங் பேரன் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. பாட்டிகளைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பசியாற நான் போய் ரொட்டி சானாய் வாங்கி வருகிறேன், முந்தின இரவே பிள்ளைகளின் துணியை நானே எடுத்து வைக்கிறேன், மனைவி புடவை கட்டுவதோடு சரி. ஆண்கள் எல்லாரும் செய்ய முடிகிற வேலைதான் இது. “வாருங்கள்” என்று எழுதுகிற ஒவ்வொருவரும் முதலில் தன் வீட்டில் இதைச் செய்யட்டும்.

கேஎல் தம்பிக்கு ஒரு வார்த்தை. இயேசுவே வழக்கமாக ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா 4-ல் இருக்கிறது. நாசரேத்து ஜெபஆலயத்தில் அவருக்குத் தெரியாத எந்தப் போதனையை அவர் கேட்டிருப்பார்? ஆனாலும் தன் ஊர் ஜனங்களோடு போய் உட்கார்ந்தார். நான் பிரசங்கத்தைக் குறைத்துப் பேசவில்லை. அது சுமாராக இருக்கும் வாரத்திலும் போக வேண்டிய காரணம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்து நாற்காலியில்.

நம் தோட்டத்தில் கோயில் கம்பெனி நிலத்தில் இருந்தது, சபைக் கொட்டகையும் கம்பெனி நிலத்தில் இருந்தது. நிலம் கைமாறியதும் எல்லாம் போனது. லயம் இல்லை, பெரட்டுத் திடல் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இல்லை. ஒரே லயத்தில் பிறந்தவர்கள் இப்போது ஐந்து தாமான்களில் இருக்கிறோம், கல்யாணத்திலும் சாவிலும்தான் பார்த்துக்கொள்கிறோம். வாரத்தில் ஒருநாள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வருகிற இடம் சபை மட்டும்தான் மிச்சம். அதையும் நாமே விட்டுவிட்டால் அப்புறம் யாரைக் குறை சொல்வது, அதை எந்தக் கம்பெனியும் நம்மிடம் இருந்து பிடுங்கவில்லையே.

கேஎல் தம்பி எழுதியது:

லூக்கா 4-ஐ இப்படி யோசித்ததில்லை அண்ணே. முழுதாக ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், திரை வழியாகக் கிடைத்தது எனக்கு உண்மையான பலன். ஆனால் அக்கா கேட்ட அந்தக் கேள்வி ராத்திரி முழுவதும் தூங்கவிடவில்லை. எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்தில் தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்ட்காரன் எழுதியது:

கிராணி ஐயா, நன்றி. அடுத்த மாத ரோஸ்டர் வந்துவிட்டது. இரண்டு வெள்ளி லீவில் விழுகிறது, விழாததில் ஒன்றுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன், நண்பர் சரி என்றார். இன்னொன்று இரவு ஷிப்ட் முடிந்து வருகிற காலை. அக்கா, அன்றைக்குக் கடைசி வரிசையில் தூங்கி விழுந்தாலும் யாரும் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரோஸ்டரைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், வராத வாரம் எது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

சண்டே ஸ்கூல் அக்கா எழுதியது:

வந்தது தம்பி, காலண்டரில் குறித்துவிட்டேன். தூங்குங்கள், கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் வைக்கிறேன். மற்ற ஷிப்ட் பிள்ளைகளும் இப்படி அனுப்பினால் நல்லது, இல்லாத வாரத்தில் நாங்கள் போனில் ஜெபித்துக்கொள்வோம்.

பீடோங் பேரன் எழுதியது:

லுனாஸ் தங்கச்சி, எங்கள் சபை வேன் இப்போது பீடோங்கை மட்டும்தான் சுற்றுகிறது. டிரைவர் அண்ணனிடம் பேசிவிட்டேன், லுனாஸ் வரை வர அவருக்குச் சம்மதம். பெட்ரோல் செலவை நாங்கள் நான்கு குடும்பம் பிரித்துக்கொள்கிறோம், நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

லுனாஸ் மருமகள் எழுதியது:

மாமியாரிடம் சொன்னேன், இப்போதே எந்தப் புடவை என்று கேட்கிறார். வேனில் வீல்சேர் ஏறுமா அண்ணே? மடக்குகிற வகைதான், ஆனால் கொஞ்சம் கனம்.

பீடோங் பேரன் எழுதியது:

பின் சீட்டை எடுத்துவிட்டால் ஏறும். தூக்குவதற்கு நானும் என் பெரியவனும் வேனிலேயே வருகிறோம். ஏழே முக்காலுக்கு வாசலில் இருப்போம், முகவரியை அக்காவின் நம்பருக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள், இங்கே போட வேண்டாம்.